மொட்டையாக நிற்கும் பவளமல்லியைப் பிடுங்காதீர்கள்

கேள்வி இதுதான்: சென்னையில் வீட்டுத் தோட்டத்தில் தரையில் வைத்து மூன்று வருடமான பவளமல்லி. தை கடைசியில் இலை பழுக்க ஆரம்பித்து, மாசியில் முழுக்கக் கொட்டி, இப்போது வெறும் குச்சியாக நிற்கிறது. தினமும் தண்ணீர் விட்டும் துளிர்க்கவில்லை. போன புரட்டாசியிலும் நாலைந்து பூக்களுக்கு மேல் வரவில்லை. செடி பட்டுப்போய்விட்டதா? பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாமா? மாடியில் தொட்டியில் வைக்க இன்னொரு கன்று எப்படி உண்டாக்குவது?

பிடுங்க வேண்டாம். தினமும் ஊற்றும் தண்ணீரை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். பவளமல்லி இலையுதிர்க்கும் செடி. பனிக்காலம் முடிந்து வெயில் ஏறும் நேரத்தில் இலையைக் கொட்டிவிட்டு ஓய்வெடுப்பது அதன் பிறவிக் குணம். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடிகளையே பார்த்துப் பழகிய நமக்குத்தான் அது செத்த மாதிரித் தெரிகிறது. நல்ல பவளமல்லிகள் பல இந்த மாசி, பங்குனியில்தான் அவசரப்பட்டுப் பிடுங்கப்படுகின்றன.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, பென்சில் பருமனுள்ள கிளையில் விரல் நகத்தால் லேசாகக் கீறுங்கள். மேல்தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. காய்ந்த பழுப்பாக இருந்தால் அதே கிளையில் ஒரு சாண் கீழே இறங்கிக் கீறுங்கள். அங்கும் பழுப்பு என்றால் இன்னும் கீழே. அடித்தண்டு வரை பச்சையே இல்லை என்றால்தான் பட்டுப்போனதாகக் கொள்ள வேண்டும். நுனி மட்டும் காய்ந்திருப்பது சாதாரணம். பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டால் போதும்.

இந்தச் செடி இமயத்தின் அடிவாரக் குன்றுகளிலும் மத்திய இந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகளிலும் தானாக வளர்வது. கல்லும் மண்ணும் கலந்த, தண்ணீர் நிற்காத நிலம் அது. மழைக்காலத்தில் மளமளவென்று வளர்ந்து, மழை ஓயும் பருவத்தில் பூத்து, காயாகி, வறட்சி வந்ததும் இலையை உதிர்த்துவிடும். அதை வளர்க்கத் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் இந்தச் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. இலை இல்லாத செடி தண்ணீரை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். அந்த நேரத்தில் தினம் ஊற்றினால் மண்ணில் காற்றோட்டம் போய் வேர் அழுகும். சும்மா ஓய்வெடுத்துக்கொண்டிருந்த செடி நிஜமாகவே சாவது இப்படித்தான். மொட்டையாக நிற்கும் நாட்களில் தரைச் செடிக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை விட்டால் போதும். தொட்டியில் என்றால் மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு விடுங்கள். துளிர் கண்ணில் பட்டதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

எல்லாச் செடியும் முழு மொட்டையாகாது. நல்ல ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் பாதி இலையோடு நிற்கும். அதுவும் சரிதான்.

இனி, பூ ஏன் வரவில்லை என்பது. விதையில் முளைத்த கன்று பூக்கப் பொதுவாக இரண்டு மூன்று வருடம் எடுக்கும். உங்கள் செடி இப்போதுதான் அந்த வயதுக்கு வந்திருக்கிறது, நாலைந்து பூ வந்ததே நல்ல அறிகுறி. ஆனால் வயதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு காரணங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான் சிக்கலாக இருக்கும்.

வெயில் முதலாவது. பவளமல்லிக்கு நேரடி வெயில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். மதில் சுவருக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள சந்தில் வைத்த செடி வெளிச்சத்தைத் தேடி உயரமாகப் போகும், இலைகள் பெரிதாகவும் மெல்லிதாகவும் இருக்கும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும். அப்படிப்பட்ட செடி எவ்வளவு உரம் போட்டாலும் பூக்காது. பக்கத்தில் உள்ள மரத்தின் கிளையைக் கழிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், இலை இல்லாத இந்தப் பருவம்தான் செடியை இடம் மாற்றவும் ஏற்றது.

இரண்டாவது, தழைச்சத்து. யூரியாவோ கோழி எருவோ அதிகம் விழுந்தால் செடி கரும்பச்சையாக, கொழுகொழுவென்று இலை விட்டுக்கொண்டே இருக்கும். பூக்கும் எண்ணமே அதற்கு வராது.

மூன்றாவது, தவறான மாதத்தில் வெட்டுவது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், பலரும் அறியாமல் செய்வதும் இதைத்தான். பவளமல்லியில் பூங்கொத்து வருவது அந்த வருடம் விட்ட புதுக்கிளையின் நுனியிலும், நுனிக்கு அருகே இலை கிளையோடு சேரும் இடுக்குகளிலும். ஆவணியில் ‘மழைக்கு முன்னால் கொஞ்சம் சீர் செய்வோம்’ என்று நுனிகளை வெட்டினால் அந்த வருடத்துப் பூவையே வெட்டிப்போடுகிறோம். ஆடி பிறந்த பிறகு கத்தரியை எடுக்கவே கூடாது.

நான்காவது, கவாத்தே செய்யாமல் விடுவது. வெட்டாத செடி இரண்டு மூன்று நீண்ட கொம்புகளாக மேலே போய், பூ முழுவதும் எட்டாத உயரத்தில் நுனியில் மட்டும் வரும். அடியில் குச்சிதான் மிஞ்சும்.

ஆகவே உங்கள் செடி மொட்டையாக நிற்கும் இந்த மாசி, பங்குனிதான் அதற்குச் சரியான நேரம். துளிர் வெடிப்பதற்கு முன் கவாத்து செய்துவிடுங்கள். இலை இல்லாததால் கிளைகளின் அமைப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். முதலில் காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, அடித்தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகள் ஆகியவற்றை அடியோடு எடுங்கள். மீதிக் கிளைகளை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, லேசான சரிவாக, ஒரே வெட்டில். இந்தச் செடியின் இலைகள் எதிரெதிராக இணை இணையாக வருபவை. அதனால் ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளைகள் கிளம்பும். பத்து நுனிகளை வெட்டினால் இருபது நுனிகள், அந்த இருபதிலும் பூங்கொத்து. வெட்டுக்குக் கூர்மையான கவாத்துக் கத்தரி வேண்டும். மொண்ணைக் கத்தி பட்டையைக் கிழித்துவிடும். கட்டை விரலைவிடப் பருமனான வெட்டுக்காயங்களில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை விழுதாகக் குழைத்துப் பூசுங்கள்.

பழைய, உயரமாகப் போய்விட்ட செடியை மூன்று நான்கு அடி உயரத்தில் முழுதாக வெட்டினாலும் மறுபடி தழைக்கும். வெட்டுத் தாங்கும் செடி இது. ஆனால் உங்களுடைய மூன்று வயதுச் செடிக்கு அவ்வளவு தேவையில்லை.

கவாத்து முடிந்ததும் உரம். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக நாலு அங்குல ஆழம் கொத்திவிட்டு, மக்கிய தொழு உரம் 5 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 250 கிராம், எலும்புத் தூள் 100 கிராம் கலந்து போட்டு மண்ணால் மூடுங்கள். தண்டை ஒட்டிப் போடக் கூடாது. உறிஞ்சும் வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன, தண்டை ஒட்டிய எரு பட்டையை அழுகவைக்கும். சித்திரை, வைகாசியில் புதுக்கிளை ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் இன்னொரு முறை கிளை பிரியும். கிள்ளுவதை ஆனி நடுவோடு நிறுத்துங்கள். ஆடியில் மண்புழு உரம் 2 கிலோ. சாம்பல் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. சென்னையில் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் விடுபவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே காரத்தன்மை ஏறிய மண்ணில் சாம்பலும் சேர்ந்தால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போகும். இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். ஃபெரஸ் சல்பேட் 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

மழைக்காலத்தில் வடகிழக்குப் பருவமழை ஊரையே மிதக்கவிடும்போது தரைச் செடியின் அடியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொய்ந்து மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடக் கூடாது. அது வேர் மூச்சுத் திணறும் அடையாளம். பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள். களிமண் நிலம் என்றால் புதிதாக நடும்போதே இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, தரையைவிட ஒரு அடி மேடாக்கி அதில் நட வேண்டும். சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி நடுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கிளை வரும்படி வேண்டாம். விழும் பூக்களின் காம்பு கசங்கினால் காவிக்கறை பிடிக்கும்.

பூச்சிகளில் தொல்லை தருவது கம்பளிப்பூச்சி. மழை தொடங்கிய பிறகு, பகலில் தண்டிலும் கிளைக்கவட்டிலும் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும், இருட்டிய பிறகு ஏறி இலையைத் தின்னும். அதனால் இலை ஓட்டை தெரிந்ததும் இலையில் தேடாமல் தண்டில் தேடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, நீளமான குச்சியால் கும்பலாக வழித்து சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிட்டால் ஒரே நாளில் பெரும்பகுதி ஒழிந்துவிடும். தீப்பந்தம் வைத்துக் கொளுத்துவதைச் செய்யாதீர்கள். பவளமல்லியின் பட்டை மெல்லியது, வெந்துபோனால் அந்தக் கிளை காயும். மிச்சமிருப்பவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு கலந்து மாலையில் தெளிக்கலாம். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் இதே கரைசல்தான். ஆனால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டுத் தெளிக்க வேண்டும். மாவுப்பூச்சி இருக்கும் இடத்தில் எறும்பு வரிசையும் இருக்கும். எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை மட்டும் விரட்டினால் மறுவாரமே திரும்பிவரும். தண்டில் மரத்தூளும் நூலும் பின்னிய மாதிரி பட்டையான ஓடை தெரிந்தால் அது பட்டை தின்னும் புழு. ஓடையைச் சுரண்டி எடுத்து, கவட்டில் உள்ள துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைச் சொருகி களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

புதுக் கன்றுக்கு எளிய வழி விதை. பூத்து முடிந்தபின் வட்டமாக, தட்டையாக, நாணயம் போன்ற பச்சைக் காய்கள் தொங்கும். மார்கழி, தையில் அவை பழுப்பாகிக் காயும். லேசாக நெருடினால் நடுவில் இரண்டாகப் பிளந்து, பாதிக்கு ஒரு விதையாக இரண்டு கிடைக்கும். விதையைப் பழசாக்காமல் அந்தப் பருவத்திலேயே விதைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மண்ணை ஈரப்பதமாக மட்டும் வைத்திருங்கள். முளைக்க மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும், பொறுமை வேண்டும். மழைக்காலத்தில் பெரிய செடியின் அடியில் தானாக முளைத்த கன்றுகள் கிடைத்தால் இன்னும் சுலபம். ஆறு இலை வந்ததும் மண்கட்டியோடு பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். இளங்கன்றின் இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும், அதைப் பார்த்து வேறு செடி என்று எறிந்துவிடாதீர்கள்.

அடுத்த வருடமே பூ வேண்டும் என்றால் விண்பதியன், அதாவது செடியில் இருக்கும்போதே கிளையில் வேர் விடவைப்பது. ஆடி முதல் புரட்டாசிக்குள், கட்டை விரலைவிடச் சற்று மெலிந்த கிளையில் ஒரு அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, அடியில் வழுவழுப்பாக உள்ள சவ்வைக் கத்தி முதுகால் நன்றாக வழித்துவிடுங்கள். அந்தச் சவ்வு துளி மிச்சமிருந்தாலும் பட்டை மறுபடி சேர்ந்துவிடும், வேர் வராது. பதியன் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மேல் விளிம்பில் வேர் ஊக்கி மருந்தைத் தடவி, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள தென்னைநார்க் கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரண்டு முனையிலும் இறுகக் கட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாளுக்குள் வேர் தெரியும். உடனே அறுக்காமல் முதலில் பாதி ஆழம் மட்டும் வெட்டி, ஒரு வாரம் விட்டு முழுதாக எடுத்தால் கன்று வாடாது. வெறும் குச்சியை நட்டு வளர்ப்பதும் உண்டு. ஆனால் பவளமல்லிக் குச்சி எளிதில் வேர் பிடிக்காது. செம்பருத்தி மாதிரி நினைத்து ஒரே ஒரு குச்சியை நட்டு ஏமாற வேண்டாம்.

நர்சரியில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. பவளமல்லியைப் பாரிஜாதம் என்றும் சொல்வார்கள், ஆனால் பாரிஜாதம் என்ற பெயரை வேறு செடிகளுக்கும் வைக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் கிந்தூரில் பாரிஜாதம் என்று வணங்கப்படும் மரம் உண்மையில் ஆப்பிரிக்காவின் பெருக்க மரம். பெயரை நம்பாமல் தொட்டுப் பாருங்கள். பவளமல்லியின் இலை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், அந்த இலையால் மரச்சாமான்களைத் தேய்த்து மெருகேற்றும் வழக்கமே இருந்தது. இளங்கிளையை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் உருளாது, நான்கு பட்டையாகச் சதுரமாக இருக்கும். இந்த இரண்டும் பொருந்தினால் பூ இல்லாத காலத்திலும் தைரியமாக வாங்கலாம்.

தொட்டிக்கு முதலில் 12 அங்குலம், ஒரு வருடத்தில் 18 அங்குலத்துக்கு மாற்றுங்கள். நிரந்தரமாக அதைவிடச் சிறியதில் வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மாடித் தோட்டத்தில் எடை குறைய வேண்டும் என்பதற்காகத் தென்னைநார்க் கழிவை நிறையச் சேர்த்தால் ஐப்பசி மழையில் அது பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்து வேரை அழுகவைக்கும். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடித்துளை அடைபடாது. துளிர் விட்டதிலிருந்து ஆவணி வரை மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இலை கொட்டியபின் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தால் ஆவணி கடைசியில் நுனிகளில் மூன்று முதல் ஏழு மொட்டுகள் கொண்ட கொத்துகள் தெரியும். வங்காளத்தில் இதை சிவுலி என்பார்கள், அந்த மாநிலத்தின் மலர் இதுதான். அங்கே துர்கா பூஜையின் வரவைச் சொல்லும் பூவும் இதுவே. நமக்கும் அதே புரட்டாசி, ஐப்பசியில்தான் உச்சம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கொத்தின் அருகே நின்று பாருங்கள். முறுக்கிக்கொண்டிருக்கும் வெள்ளை இதழ்கள் ஐந்து முதல் எட்டு வரை, காற்றாடி போல ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி விரியும், நடுவில் பவளநிறக் கண் தெரியும். ஒரு கொத்தில் எல்லாமும் ஒரே இரவில் விரிவதில்லை, அதனால் கொத்து பல நாள் தாங்கும். விடியும்போது இதழும் குழலும் சேர்ந்தே கழன்று விழுந்துவிடும். பகலில் பூவிழந்து நிற்பதால்தான் 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயரில் சோகமரம் என்ற பொருளுள்ள ஆர்போர் டிரிஸ்டிஸ் சேர்ந்தது.

மற்றப் பூக்களில் கீழே விழுந்ததைச் சாமிக்கு வைக்க மாட்டோம், இதற்கு மட்டும் விலக்கு. ஆனாலும் மண் ஒட்டாமல் இருக்க இரவு படுக்கப் போகும்முன் அடியில் பழைய பருத்திப் புடவையை விரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாயில் பனித்தண்ணீர் தேங்கிப் பூ அழுகும். வெயில் படுவதற்கு முன், ஆறு ஆறரைக்குள் அள்ளிவிட வேண்டும், எட்டு மணிக்கெல்லாம் இதழ் ஓரம் பழுக்க ஆரம்பிக்கும். மல்லிகை மாதிரி காம்பில் நாரால் கட்ட வராது, காம்பு குட்டையானது. ஊசி நூலால் குழலின் வழியே கோக்க வேண்டும். வாடிய பூக்களையும் வீணாக்க வேண்டாம். ஆரஞ்சுக் குழல்களை மட்டும் கிள்ளி நிழலில் காயவைத்துச் சேர்த்துவையுங்கள். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் குரோசெட்டின் இதிலும் இருக்கிறது. ஒரு கைப்பிடி குழலைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் பட்டுத்துணியில் பொன்மஞ்சள் ஏறும். வெயிலில் வெளுக்கும் சாயம் அது, அந்தத் துணியை நிழலில்தான் உலர்த்த வேண்டும்.